வாக்குப்பெட்டியும் வெளியுறவும்: துன் டாக்டர் இஸ்மாயில்

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. தொழிற்பயிற்சிக்காகத் தலைநகர் போய் அறை தேடிய நம் மாணவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். டி.டி.டி.ஐ. என்று சுருக்கியே சொல்லிப் பழகிவிட்டதால், அந்த எழுத்துகளுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே மறந்துபோகிறது. அவர் நம் ஜோகூர்க்காரர். ஜோகூர் பாருவில் கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர். ஐக்கிய நாடுகள் சபையில் இந்நாட்டின் முதல் நிரந்தரப் பிரதிநிதியாக அமர்ந்தவர். நாட்டின் இரண்டாவது துணைப் பிரதமர். இத்தனை இருந்தும், ஸ்கூடாய் வளாகத்தில் நான் கேட்டுப் பார்த்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

அவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியுறவு என்றால் கோட்டு அணிந்த தூதர்கள் குளிரூட்டப்பட்ட அறையில் கைகுலுக்கும் சமாசாரம் என்றே பலரும் எண்ணுகிறோம். உள்ளூர்த் தேர்தலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இஸ்மாயிலின் வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். யாருக்கு வாக்குரிமை இருக்கிறது, யார் வாக்கு கைநழுவிப் போகிறது என்ற கணக்கு, இந்நாடு யாரோடு நட்பு, யாரோடு பகை என்பதை எப்படி முடிவுசெய்தது என்பதற்கு அவருடைய அரசியல் வாழ்வு ஒரு பாடப்புத்தகம்.

1915 நவம்பர் 4ஆம் நாள் ஜோகூர் பாருவில் பிறந்தார். தந்தை அப்துல் ரஹ்மான் யாசின் பிற்காலத்தில் நாட்டு மேலவையின் முதல் தலைவராக இருந்தவர். அன்றைய ஜோகூர் பாரு சின்ன ஊர். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அளவுக்குப் பழகிய காலம். சர்க்கரை வணிகத்தில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கோக் குடும்பமும், கேரளத்திலிருந்து வந்த புதுச்சேரி குடும்பமும் இவர்கள் வீட்டுக்கு நெருக்கம். இந்தப் பழக்கம் அவர் அரசியலில் கடைசிவரை தெரிந்தது என்பது என் கருத்து.

ஜோகூர் பாரு ஆங்கிலக் கல்லூரியில் படித்தார். சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, பிறகு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போர்க்காலம் முழுதும் அங்கேயே கழிந்தது. 1945இல் பட்டம் பெற்றபோது, அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் மலாய்க்காரர் அவர்தான். ஊர் திரும்பி 1947இல் தவக்கல் கிளினிக் என்ற பெயரில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அத்தோடு நின்றிருந்தால் வசதியான டாக்டராக வாழ்ந்து முடித்திருப்பார். 2006இல் ஊய் கீ பெங் எழுதி வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பே, விருப்பமில்லாமல் அரசியலுக்கு வந்தவர் என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது.

1951இல் டத்தோ ஓன் ஜாஃபார் அம்னோவை விட்டு விலக, துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். இஸ்மாயில் அம்னோவின் உதவித் தலைவர்களில் ஒருவராகிறார். 1954இல் ஒரு சிக்கல். வரவிருக்கும் முதல் பொதுத்தேர்தலில் சட்டமன்றத்தின் 98 இடங்களில் 52 மட்டுமே தேர்தலுக்கு என்றது பிரிட்டிஷ் அரசு. அப்படியென்றால் தேர்தலில் வென்றாலும் ஆள முடியாது என்று கூட்டணிக் கட்சியினர் மன்றங்களைப் புறக்கணித்தார்கள். அந்த முடிச்சு அவிழ்ந்தது நம் ஜோகூர் நீரிணையில், எச்.எம்.எஸ். அலர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில். துங்குவும் எச்.எஸ். லீயும் இஸ்மாயிலும் அதில் ஏறி உயர் ஆணையர் மெக்கில்லிவ்ரேயைச் சந்தித்தார்கள். நியமன உறுப்பினர்களில் ஐவரைப் பெரும்பான்மைக் கட்சியைக் கலந்து நியமிப்பது என்று சமரசம் ஏற்பட்டது.

1955 ஜூலை 27ஆம் நாள் தேர்தல் நடந்தது. கூட்டணிக்கு 52இல் 51 இடங்கள். ஜோகூரில் போட்டியிட்ட இஸ்மாயிலும் வென்றார். இங்கே ஒரு புள்ளிவிவரத்தைக் கவனிக்க வேண்டும். பதிவுபெற்ற வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சீனர்கள் 11 விழுக்காடு அளவே. நம் இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் கீழே. மக்கள்தொகையில் இருந்த விகிதம் இதுவல்ல. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கு இல்லை, அவ்வளவுதான். தேர்தல் அரசியலின் முதல் கேள்வி யாருக்கு வாக்களிப்பது என்பதல்ல. யார் வாக்காளர் என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பின்னால் மறுபடியும் வருவேன்.

1957 ஆகஸ்டில் சுதந்திரம். செப்டம்பர் 17ஆம் நாள் மலாயா ஐ.நா. உறுப்பினரானது. அமைச்சரவையில் இடம் இருந்தபடியே இஸ்மாயில் வாஷிங்டனுக்குத் தூதராகவும் ஐ.நா.வுக்கு நிரந்தரப் பிரதிநிதியாகவும் அனுப்பப்பட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு ஊர், இரண்டு வேலை. அங்கிருந்து துங்குவுக்கு அவர் எழுதி அனுப்பிய குறிப்புகள் 2009இல் நூலாக வந்துள்ளன. பட்டப்படிப்பு மாணவர்கள் தேடிப் படிக்கலாம். புதிதாகப் பிறந்த நாடு உலகத்தின் முன் எப்படி நடை பழகியது என்பது அதில் தெரிகிறது.

அன்றைய மலாயாவின் வெளியுறவில் ஒரு விநோதம் உண்டு. கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த நாடு. 1948இல் தொடங்கிய அவசரகாலம் இன்னும் முடியவில்லை. பிரிட்டனோடு 1957 அக்டோபரில் தற்காப்பு ஒப்பந்தமும் போட்டாயிற்று. ஆனாலும் அமெரிக்கா முன்னின்று அமைத்த சீட்டோ கூட்டணியில் சேரவில்லை. பெய்ஜிங்கையும் அங்கீகரிக்கவில்லை, தைப்பேயையும் அங்கீகரிக்கவில்லை. ஏன் இப்படி? வெளியே பார்த்தால் விளங்காது, உள்ளே பார்த்தால் உடனே விளங்கும். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்துக்கே அம்னோவுக்குள் முணுமுணுப்பு இருந்தது. எதிரே பாஸ் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. 1959இல் கிளந்தானும் திரெங்கானுவும் அதன் கைக்குப் போயின. இந்த நிலையில் வெள்ளைக்காரன் காலைப் பிடித்தவர்கள் என்ற பழியைக் கூடுதலாகச் சுமக்க எந்தக் கட்சி விரும்பும்? சீனத்தை அங்கீகரித்தால் மலாய் வாக்காளர்கள் அஞ்சுவார்கள். தைவானை அங்கீகரித்தால் சீன வாக்காளர்கள் இரண்டு முகாமாகப் பிளவார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதே சில நேரம் பெரிய கொள்கையாகிவிடுகிறது!

1959இல் நாடு திரும்பி வெளியுறவு அமைச்சரானார். அடுத்த ஆண்டே அப்பொறுப்பைத் துங்குவே எடுத்துக்கொள்ள, இஸ்மாயில் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் போனார். 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதுதான் நாம் ஐ.எஸ்.ஏ. என்று சொல்வது, பல ஆண்டுகள் அவர் கையில் இருந்தது. 2012இல்தான் அது நீக்கப்பட்டது. அவர் நேர்மையானவர், கண்டிப்பானவர் என்று எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசாரணையின்றி ஆட்களை அடைத்த சட்டத்தின் பொறுப்பாளர் என்பதும் அவர் வரலாற்றின் ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கம் நன்றாகத் தெரிவது கொன்பிராந்தாசி காலத்தில். 1963 ஜனவரியில் இந்தோனேசியா மலேசியத் திட்டத்துக்கு எதிராக மோதல் கொள்கையை அறிவித்தது. சுகர்னோவின் அரசுக்கும் உள்நாட்டில் சிக்கல்கள் நிறைய. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது, இராணுவமும் கம்யூனிஸ்டுக் கட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. வெளியே ஒரு பகைவன் இருந்தால் உள்ளே ஒற்றுமை வரும் என்பது பழைய வைத்தியம். இங்கேயும் அதே மருந்து வேறு பாட்டிலில் வேலை செய்தது. 1964 ஏப்ரல் 25ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் நாட்டைக் காப்பதா காட்டிக்கொடுப்பதா என்பதே பேச்சாக இருந்தது. தீபகற்பத்தின் 104 இடங்களில் கூட்டணி 89ஐ வென்றது. முந்தைய தேர்தலில் 74. ஜகார்த்தாவின் நண்பர்கள் என்று சித்திரிக்கப்பட்ட சோசலிச முன்னணிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அதன் தலைவர்களில் ஒருவரான அகமது புஸ்தாமாம் 1963லேயே கைதாகியிருந்தார். 1965 ஜனவரியில் புர்ஹானுடின் அல்ஹெல்மி, இஷாக் முகமது, முன்னாள் அமைச்சர் அசிஸ் இஷாக் ஆகியோரும் உள்ளே போனார்கள். இந்தோனேசியாவின் ஆதரவோடு வெளிநாட்டில் போட்டி அரசு அமைக்கத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வெளியுறவுப் பகை உள்நாட்டு எதிர்க்கட்சியின் கதையை முடித்துவைத்தது.

ஆனால் பகை வெறும் பேச்சல்ல என்பதும் உண்மை. 1964 ஆகஸ்ட் 17ஆம் நாள் ஏறத்தாழ நூறு பேர் பொந்தியான் கடற்கரையில் வந்திறங்கினார்கள். செப்டம்பர் 2ஆம் நாள் லாபிஸ் பகுதியில் வான்குடை வீரர்கள் குதித்தார்கள். இரண்டும் ஜோகூர். நாம் வார இறுதியில் மீன் சாப்பிடப் போகும் பொந்தியான்தான்! உள்துறை அமைச்சராக இருந்த இஸ்மாயில் நியூயார்க் போய்ப் பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டார். பிடிபட்ட ஆயுதங்களைச் சபைக்கே கொண்டுபோய்க் காட்டினார். டாக்டருக்கே உரிய பழக்கம் அது என்று எனக்குத் தோன்றும். நோயைப் பற்றிப் பேசுவதைவிட அறிகுறியைக் காட்டிவிடுவது. நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஒன்பது நாடுகள் ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் ஒன்றியம், ஆகவே தீர்மானம் செத்தது. ஆனாலும் உலகத்தின் பார்வையில் மலேசியா வென்றுவிட்டது.

அடுத்து வந்ததுதான் நம் ஜோகூரை இன்றுவரை பாதிப்பது. சிங்கப்பூர் 1963இல் மலேசியாவோடு இணைந்தபோது, ஒருவர் களத்தில் மற்றவர் பெரிதாக இறங்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதே செப்டம்பரில் சிங்கப்பூர்த் தேர்தலில் அங்குள்ள கூட்டணிக் கட்சி நின்று ஓர் இடமும் பெறாமல் தோற்றது. 1964இல் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி இந்தப் பக்கம் வந்து சில தொகுதிகளில் நின்றது. வென்றது ஒன்றே ஒன்று, பங்சார். வென்றவர் தேவன் நாயர். ஒரே இடம்தான். ஆனால் மசீசவின் நகர்ப்புற வாக்குகள் நாளை எங்கே போகும் என்ற பயத்துக்கு அது போதுமானதாயிருந்தது. இனக்கலவரமும் கடும் மேடைப் பேச்சுகளும் சேர்ந்துகொண்டன. 1965 ஆகஸ்ட் 7 தேதியிட்ட பிரிவினை உடன்படிக்கையில் மலேசியத் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் இஸ்மாயிலும் ஒருவர், நம் துன் சம்பந்தனும் ஒருவர்.

ஜோகூர் பாருவில் பிறந்து சிங்கப்பூரில் படித்த மனிதர், இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போடும் தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இரண்டு கட்சிகளின் தேர்தல் போட்டி, ஒரு பாலத்தின் இருமுனைகளை இரண்டு நாடுகளாக்கிவிட்டது. உள்நாட்டுத் தேர்தல் வெளியுறவைப் பாதித்தது என்று கூடச் சொல்ல முடியாது. வெளியுறவு என்ற ஒன்றையே அங்கே அது உண்டாக்கியது. 1967 முதல் கடப்பிதழ் சோதனை வந்தது. 1962 தண்ணீர் உடன்படிக்கை பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதிசெய்யப்பட்டது. ஆயிரம் கேலன் பச்சைத் தண்ணீருக்கு மூன்று சென் என்ற விலையில் 2061 வரை அது செல்லும். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் வரிசையில் நிற்பது 1964ஆம் ஆண்டு வாக்குக் கணக்கின் மிச்சத்தில்தான்.

1967இல் உடல்நலக் குறைவால் இஸ்மாயில் அமைச்சர் பதவியை விட்டார். 1968 ஜனவரியில் பிரிட்டன், 1971 முடிவுக்குள் இந்த வட்டாரத்திலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நாடாளுமன்றத்தில் பின்வரிசையில் அமர்ந்திருந்த இஸ்மாயில் அதே மாதம் எழுந்து பேசினார். தென்கிழக்காசியாவை நடுநிலை வட்டாரமாக்க வேண்டும், அதற்கு அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், சீனா மூன்றும் உறுதி தரவேண்டும், நாடுகள் ஒன்றையொன்று தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் யோசனை. சீனாவையும் சேர்த்து! அன்று அரசாங்கம் அதைக் கையில் எடுக்கவில்லை.

எடுக்க வைத்தது தேர்தல். 1969 மே 10ஆம் நாள் வாக்களிப்பில் தீபகற்பத்தில் கூட்டணியின் இடங்கள் 89லிருந்து 66ஆகக் குறைந்தன. வாக்குகள் பாதிக்கும் கீழே இறங்கின. மசீச 27லிருந்து 13க்கு விழுந்தது. மூன்று நாளில் கலவரம். அந்தத் துயரத்தை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. இதய நோயோடு இருந்த இஸ்மாயிலை மீண்டும் அழைத்து உள்துறையைக் கொடுத்தார்கள். 1970 செப்டம்பர் 22ஆம் நாள் துன் ரசாக் பிரதமரானபோது இவர் துணைப் பிரதமர்.

சீன வாக்காளர்களின் மனத்தை மீட்க வேண்டும். அதேநேரம் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பெய்ஜிங் தரும் ஆதரவையும் அறுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி பெய்ஜிங் வழிதான் என்பது இப்போது தெளிவாயிற்று. பின்வரிசையில் பேசிய பேச்சு அரசின் கொள்கையானது. 1971 மே மாதம் தெங்கு ரசாலி வணிகக் குழுவோடு சீனா போனார். அக்டோபரில் ஐ.நா.வில் சீனத்தின் இடத்தைப் பெய்ஜிங்குக்கு வழங்கும் தீர்மானத்தை மலேசியா ஆதரித்தது. நவம்பர் 27ஆம் நாள் ஆசியான் நாடுகள் ஐந்தும் கோலாலம்பூரில் கூடி, அமைதி, சுதந்திரம், நடுநிலை வட்டாரம் என்ற பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நடுநிலைக் கொள்கையை இவர் தலையில் மட்டும் சூட்டுவது சரியா என்று கேட்கலாம். தூதரக அதிகாரிகளும் ரசாக்கும் பெரும் உழைப்பு உழைத்தார்கள். ஆனால் முதலில் சொன்னவர் இவர்.

இப்போது குடியுரிமைக் கேள்விக்கு வருகிறேன். சீனாவோடு நடந்த பேச்சுவார்த்தையின் மையத்தில் நாடற்றவர்கள் இருந்தார்கள். மலேசியாவில் வாழ்ந்த சீனர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்த நாட்டுக் குடிமக்களாகவும் இல்லை. அதே காலத்தில் நம் தோட்டங்களிலும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் ஏராளம். என் தாத்தாவிடமும் அதுதான் இருந்தது. ரப்பர் மரம் சீவியே முதுகு வளைந்தவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றானது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தாத்தாவின் தம்பி குடும்பமும் அப்படிப் போனதுதான். குடியுரிமையும் அடையாள அட்டையும் உள்துறையின் கீழ் வருபவை. அந்நாளில் உள்துறை இஸ்மாயிலிடம். ஜோகூர் பாருவில் எல்லா இனத்தோடும் கலந்து வளர்ந்தவரின் அமைச்சில்தான் இதுவும் நடந்தது என்பதை நான் ஒதுக்கிவிட்டு எழுத முடியாது.

இலங்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறுஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களின் குடியுரிமை போனது, அதன் பின்னால் வாக்கும் போனது. வாக்குக் கணக்கில் தொடங்கிய அந்தச் செயல் இரு நாட்டுச் சிக்கலாகி, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் முடிந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒப்பந்தம் கொடுமையானது. ஆனாலும் இரண்டு அரசுகள் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேசின. இங்கே, குடியேறிய நாட்டையே சொந்த நாடாகக் கொள்ளுங்கள் என்று நேரு சொல்லிவிட்டதோடு இந்தியா தன் கடமை முடிந்ததாகக் கருதியது. சிவப்பு அட்டைக்காரனுக்கு வாக்கு இல்லை. ஆகவே அவனுக்காகப் பேரம் பேச எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை.

1973 ஆகஸ்ட் 2ஆம் நாள் இஸ்மாயில் மாரடைப்பால் காலமானார். வயது 57. காமன்வெல்த் மாநாட்டுக்காக ரசாக் கனடா போயிருந்ததால், அன்று நாட்டின் தற்காலிகப் பிரதமர் இவர்தான். ரசாக்குக்கும் இரத்தப் புற்றுநோய் இருந்தது நாட்டு மக்களுக்குத் தெரியாது. தேசியப் பள்ளிவாசலின் வீரர் நினைவகத்தில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் இஸ்மாயில். துணைப் பிரதமர் பதவிக்கு இன்னொரு ஜோகூர்க்காரர் வந்தார், டத்தோ ஓனின் மகன் உசேன் ஓன்.

பத்து மாதங்கள் கழித்து, 1974 மே 28ஆம் நாள் ரசாக் பெய்ஜிங் போனார். 31ஆம் நாள் கூட்டறிக்கை. மலேசியக் குடியுரிமை பெற்ற சீனர்கள் சீனக் குடியுரிமையை இழந்தவர்களே என்று சீனா ஒப்புக்கொண்டது. மறுநாள் ஜூன் 1, தேசிய முன்னணி பதிவுபெற்றது. ஆகஸ்ட் 24ஆம் நாள் பொதுத்தேர்தல். ரசாக்கும் மாசேதுங்கும் சேர்ந்து நிற்கும் படம் சீனர்கள் வாழும் பகுதிகளில் பிரசாரச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. பத்தாண்டுக்கு முன் மாவோ படம் வைத்திருந்தால் போலீஸ் வீட்டுக்கு வந்திருக்கும்! 154இல் 135 இடங்கள் தேசிய முன்னணிக்கு.

இந்தக் கதை அங்கே நின்றுவிடவில்லை. 2018 தேர்தலில் சீன முதலீடு பிரசாரப் பொருளானது. கேலாங் பாத்தாவில் எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி மேடைதோறும் பேசப்பட்டது. ஆட்சி மாறியதும் கிழக்குக்கரை ரயில் திட்டம் நிறுத்தப்பட்டு, மறுஆண்டு 65.5 பில்லியனிலிருந்து 44 பில்லியன் ரிங்கிட்டாகக் குறைத்துப் பேசி முடிக்கப்பட்டது. 1974இல் வாக்கு சேர்த்த அதே சீனா, 2018இல் வேறொரு தரப்புக்கு வேறொரு விதமாக வாக்கு சேர்த்தது.

என் தாத்தா 1974 தேர்தல் நாளன்று வழக்கம்போல் மரம் சீவப் போனார். பக்கத்து லயத்தில் நீல அட்டை வைத்திருந்தவர்கள் லாரியில் ஏறி வாக்களிக்கப் போனார்கள். அவருக்கு நீல அட்டை கிடைத்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு, என் அப்பா இடைநிலைப்பள்ளி முடித்த பின்னர்தான்.